அயலூர்க் கடற்கரையில் ஒரு பூட்டிய வீடு

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், இன்று லண்டனில் கணினித் துறையில் இருப்பவர், பிரிட்டிஷ் குடியுரிமையும் பெற்றுவிட்டவர், சென்ற தை மாதத்தில் ஒரு மடல் அனுப்பியிருந்தார். உடன் மூன்று நிழற்படங்கள். முதற்படத்தில் ஒரு பால்கனியும் அதற்கப்பால் கடலும். இரண்டாவதில் நீச்சல் குளம். மூன்றாவதில் உள்ளங்கையில் ஒரு சாவி. ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்துத் தொரெவியேஹா என்னும் ஊரில், இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககம் ஒன்றை வாங்கியிருக்கிறார். "ஐயா, இது உங்கள் வீடு மாதிரி. மே மாத விடுமுறைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். எழுதுவதற்கு இதைவிட அமைதியான இடம் கிடைக்காது" என்பது மடலின் முடிவு.

மகிழ்ந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடன் வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டிய பிள்ளை அவர். ஆயினும் அந்த 'அமைதி' என்ற சொல் இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு லட்சம் பேர் அளவில் வாழும் கடற்கரை நகரத்தில் அவ்வளவு அமைதி எங்கிருந்து வந்தது? பக்கத்து வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினோம். "பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும் ஐயா, கோடையில் வருவார்கள்" என்று பதில் வந்தது. அங்கிருந்து தொடங்கிய மடற்போர் இரண்டு மாதம் நீடித்தது. பெயர் சுட்டாமல் இதைப் பொதுவில் பேச அவர் இசைவு தந்திருக்கிறார். அவரோடு மட்டும் நமக்கு வழக்கில்லை. சென்னை நட்சத்திர விடுதிகளில் 'வெளிநாட்டில் விடுமுறை இல்லம்' என்று கண்காட்சி விரிக்கும் தரகர்களையும், அதை வாங்கும் எண்ணம் வந்தவுடன் ஏதோ உலகக் குடிமகனாகிவிட்டதாகப் பூரிக்கும் நம்மவர்களையும், எல்லாப் பழியையும் அயலார் தலையில் போட்டுத் தப்பிக்கும் ஸ்பானிய அரசியலாரையும் சேர்த்தே இங்கு எதிர்கொள்ள விழைகிறோம்.

முதலில் வாங்கும் முறையைச் சொல்லிவிடலாம். அது அவ்வளவு அந்நியமானதன்று. வெளிநாட்டவர் எவரும் என்.ஐ.இ. எனப்படும் அடையாள எண்ணைப் பெற வேண்டும். பிறகு பதிவகத்திலிருந்து 'நோட்டா சிம்ப்ளே' என்றொரு தாள். நம்மூர் வில்லங்கச் சான்றின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று அதைக் கருதலாம். உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். அடுத்தது அச்சாரம். அங்கே அதற்கு 'அர்ராஸ்' என்று பெயர். வழக்கமாக விலையில் பத்தில் ஒரு பங்கு. வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரம் போயிற்று. விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். நம் பாட்டன்மார் மாட்டுச் சந்தையில் பார்த்த அதே நியாயம். கடைசியில் நோட்டரி முன் கையொப்பம். இந்த நோட்டரி நம் நீதிமன்ற வாசல்களில் முத்திரை குத்துபவர் போன்றவரல்லர். அரசின் சார்பாக அமர்ந்திருக்கும் பெரிய மனிதர். ஆனால் அவர் வாங்குபவரின் வழக்கறிஞரும் அல்லர். இதை அறியாமல் தனி வழக்கறிஞர் வைக்காது கெட்டவர் பலர். புது வீடானால் தலைநிலப் பகுதியில் 10 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. பழைய வீடானால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் கைமாற்று வரி. 2022 முதல் அரசே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மதிப்பு குறிக்கிறது. அதற்குக் குறைவாக வாங்கியதாகக் காட்டினாலும் வரி அந்த மதிப்பின் மீதுதான். வழிகாட்டி மதிப்பு என்று நாம் சொல்வதேதான். முந்தைய உரிமையாளர் செலுத்தாத குடியிருப்போர் சங்க நிலுவையில் சில ஆண்டுக் கணக்கு வீட்டோடு ஒட்டிக்கொண்டு புதியவர் தலையில் இறங்கும். இன்னொரு வேடிக்கை: 1975ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, நாட்டுப் பாதுகாப்புக்கு உகந்தவை எனக் குறிக்கப்பட்ட சில கரையோரங்களிலும் தீவுகளிலும், நகர எல்லைக்கு வெளியே நிலம் வாங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராதவர் படைத்துறையின் அனுமதி பெற வேண்டும்.

இவற்றையெல்லாம் நம் மாணவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். சட்டப்படி அவர்மீது ஒரு தூசும் ஒட்டாது. தரகர்கள் வெளியிடும் கையேடுகள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. சற்று மனச்சாட்சியுள்ள கையேடுகள் வாங்கியோர் பட்ட துயரங்களையும் சொல்லும். வலென்சியா மாநிலத்தின் 1994ஆம் ஆண்டு நிலச்சட்டத்தால், தம் தோட்டத்தில் ஒரு பகுதியை இழந்து அதன்மேல் சாலைக்கும் சாக்கடைக்கும் பணமும் கட்டிய முதியவர்களின் கதை உண்டு. 2009இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை சென்ற கதை அது. 1988ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டத்தால், தாம் வாங்கிய வீடு பொதுக் கடற்கரையில் நிற்கிறது என்று பின்னர் அறிந்தவர்கள் உண்டு. 2008 ஜனவரியில் அல்மெரியா மாகாணத்து வேரா என்னும் ஊரில், உள்ளாட்சி தந்த அனுமதியை நம்பி வீடு கட்டிய ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் தம்பதியரின் கண்முன்னேயே அது இடிக்கப்பட்டது. இரங்கத்தக்கதே. ஆயினும் இவையெல்லாம் வாங்குபவர் பக்கத்து நட்டக் கணக்கு. ஊரின் கணக்கை யார் எழுதுவது?

மாணவரிடம் ஒரு சிறு கணக்குப் போடச் சொன்னோம். அவருக்கு ஆண்டு விடுப்பு இருபத்தைந்து நாள். சென்னைக்கும் வரவேண்டும், ஆகவே ஸ்பெயினுக்கு மிஞ்சினால் பதினைந்து நாள். 'வேலையை விட்டபின் போய் இருந்துகொள்வேன்' என்றார். அதுவும் எளிதன்று. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியபின், பிரிட்டிஷ் கடவுச்சீட்டுள்ளவர் விசாவின்றி எந்த 180 நாளிலும் 90 நாளுக்குமேல் அங்கே தங்க முடியாது. அரை மில்லியன் யூரோவுக்கு வீடு வாங்கினால் குடியிருப்பு உரிமை தரும் 'தங்க விசா' 2013இல் வந்தது. 2025 ஏப்ரல் 3 அன்று ஒழிந்தது. ஆக, சட்டமே ஆண்டில் பாதி நாள் அந்த வீட்டைப் பூட்டச் சொல்கிறது. மீதியைப் பணி பூட்டிவிடுகிறது. 350 இரவு யாருமில்லாத வீடு. வசிக்காத அந்த வீட்டிலிருந்து அவருக்கு ஒரு வருமானம் வருவதாக ஸ்பானிய அரசு கற்பித்துக்கொண்டு, பதிவு மதிப்பில் 1.1 அல்லது 2 விழுக்காட்டை அந்த வருமானமாகக் கொண்டு, அதன்மீது 24 விழுக்காடு வரி கேட்கும். கற்பனை வருமானத்துக்கு உண்மை வரி! இதைக் கேட்டு அவர் கொதித்தார். நமக்கோ, அந்தச் சட்டத்தை எழுதியவருக்கு வெற்று வீடு என்றால் என்னவென்று ஓரளவேனும் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. வரியின் அளவுதான் சிரிப்புக்கிடமானது.

2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸ்பானியப் புள்ளியியல் நிறுவனம் வெற்று வீடுகளை எண்ணிய விதம் நம் சிந்தையைக் கவர்ந்தது. கதவைத் தட்டிப் பார்க்கவில்லை, மின்மானிகளைப் பார்த்தார்கள். மின்சாரம் ஓடாத வீடு வெற்று வீடு. அப்படி 38 லட்சத்துக்கு மேல் வந்தது. நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்று. கோடையில் சில வாரம் மட்டும் விளக்கெரியும் வீடுகள் இந்த எண்ணிக்கைக்கு வெளியே, தனிக் கணக்கு. அதே நாட்டில் 2025க்குள் ஆறு லட்சம் வீடு பற்றாக்குறையாகும் என்று அந்நாட்டு மைய வங்கி மதிப்பிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, நம் இலக்கணத்தில் இதற்குத் தனி அணி எதுவும் இல்லையே என்று தோன்றுகிறது. (வெற்று வீடுகளில் ஒரு பெரும் பகுதி மக்கள் கைவிட்ட உட்பகுதிச் சிற்றூர்களில் இருக்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அவை மாட்ரிட்டில் வீடு தேடுபவருக்கு உதவா.)

"நான் யாரையும் வெளியேற்றவில்லை ஐயா. புதுக் கட்டடம். முன்பு அங்கே வெறும் மண்மேடு" என்பது அவருடைய முதல் வாதம். வலுவானதாகத் தோன்றும் வாதம்தான். ஆனால் மண்மேட்டில் என்ன கட்டுவது என்று தீர்மானிப்பவர் யார்? கொத்தனாரும் பாரந்தூக்கியும் சிமெண்டும் அளவுள்ள பொருள்கள். அலிகாந்தே மாகாணத்தில் விற்கும் வீடுகளில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் அயல்நாட்டவர் வாங்குகிறார்கள் என்கிறபோது, கட்டுபவர் அவர்களுக்காகத்தானே கட்டுவார்? நீச்சல் குளமும் பால்கனியும் வைத்த இரண்டு படுக்கையறை வீடு வரும். மூன்று பிள்ளை பெற்ற உப்பளத் தொழிலாளிக்கான வீடு வாராது. தண்ணீரும் இருக்கிறது. அந்த வறண்ட கரைக்கு நெடுந்தொலைவிலிருந்து தாகோ ஆற்று நீரைக் கால்வாய் வழியே 1979 முதல் கொண்டுவருகிறார்கள். அதைக் குறித்து மாநிலங்களுக்கிடையே ஓயாத சண்டை. (காவிரிக் கரையினருக்கு விளக்க வேண்டியதில்லை.) தொரெவியேஹாவிலேயே ஐரோப்பாவின் மிகப் பெரிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களுள் ஒன்று நிற்கிறது. பதினைந்து நாள் நீந்துவதற்கான குளம் ஆண்டு முழுதும் நிறைந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாதம், வேலைவாய்ப்பு. துப்புரவுப் பெண்ணுக்கும் உணவகப் பணியாளருக்கும் தோட்டக்காரருக்கும் பிழைப்பு கிடைக்கிறதே என்கிறார். கிடைக்கிறது, எவ்வளவு நாளைக்கு என்பதே கேள்வி. அவர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பலேயாரிக் தீவுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டால் செப்டம்பர் முதல் ஜூன் வரை தருவார்கள். ஜூன் முடிந்ததும் பெட்டி படுக்கையோடு அவர் கிளம்ப வேண்டும். அந்த வீடு அன்று முதல் விடுமுறை இல்லம். இபிசாவில் செவிலியரும் காவலரும் வண்டிகளுக்குள் குடியிருக்கும் செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. மருத்துவமனைக்கு ஆள் எடுத்தாலும் வீடு கிடைக்காமல் வந்தவர் திரும்பிவிடுகிறார். நம் மாணவருக்கு அங்கே விடுமுறையில் நெஞ்சுவலி வந்தால் யார் பார்ப்பது என்று கேட்டோம். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அந்த வாரம் பதில் வரவில்லை.

நிற்க. நாம் தமிழ் கற்பிப்பவர்கள். நமக்குத் தெரிந்த வழியில்தான் இதை விளக்க முடியும். நம் பொருளிலக்கணம் நிலத்தை வெறும் நிலமாக எங்கும் பார்த்ததில்லை. முதற்பொருள் என்று நிலமும் பொழுதும். கருப்பொருள் என்று அங்கே வாழும் மாந்தரும் புள்ளும் தொழிலும் உணவும் தெய்வமும். உரிப்பொருள் என்று அவற்றினின்று எழும் வாழ்வின் ஒழுக்கம். மூன்றும் சேர்ந்தால்தான் திணை. நெய்தல் என்பது கடல் தெரியும் இடம் என்ற பொருளுடையதன்று. உப்பு விளைப்பவரும் வலை உணக்குபவரும் காத்திருப்பவரும் உள்ள இடம். விடுமுறை இல்ல விளம்பரம் இந்த மூன்றில் முதற்பொருளை மட்டும் வெட்டி எடுத்து விற்கிறது: 300 நாள் வெயில், கடலுக்கு ஐந்து நிமிட நடை. கருப்பொருள் துடைக்கப்படுகிறது, இருந்தால் இடையூறு. உரிப்பொருளை வாங்குபவர் தம் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவருகிறார்.

தொரெவியேஹாவுக்கே ஒரு கருப்பொருள் இருந்தது, இன்னும் ஓரளவு இருக்கிறது. அது உப்பு நகரம். இளஞ்சிவப்பு நிறத்தில் கிடக்கும் அதன் காயலிலிருந்து இன்றும் உப்பு எடுக்கிறார்கள். 1829 மார்ச்சில் நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன ஊர், மீண்டும் கட்டப்பட்டது. உப்பேற்றிக் கியூபாவுக்குச் சென்ற மாலுமிகள் திரும்பும்போது கொண்டுவந்த 'அபனேரா' என்னும் பாடல் வகை அங்கே ஊன்றி, 1955 முதல் ஆண்டுதோறும் போட்டியாகவே நடக்கிறது. பிரிவும் கடலும் பாடும் பாட்டு. நெய்தலுக்கு இரங்கலை உரித்தாக்கிய நம் முன்னோர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்கள். நம் மாணவர் இரண்டு முறை போய் வந்தும் இப்பெயரைக் கேள்விப்படவில்லை. தரகர் சொல்லவில்லை.

இதில் இலக்கியவாதிகளின் பங்கு சிறிதன்று. 1838-39 குளிர்காலத்தில் ஜார்ஜ் சாண்டும் ஷோப்பானும் மயோர்க்கா தீவுக்குச் சென்று, துறவிகளை அரசு வெளியேற்றி மூன்றாண்டே ஆகியிருந்த வல்தெமோஸா மடத்தில் அறையெடுத்துத் தங்கினார்கள். மழை, இருமல், ஊராரோடு பிணக்கு. பின்னர் சாண்ட் எழுதிய நூல் நிலத்தைப் போற்றி, மனிதரை ஏசியது. அயலார் எழுத்தின் முழு இலக்கணமும் அந்த ஒரு நூலில் அடங்கிவிட்டது. இன்று அந்த ஏச்சையே அச்சிட்டு அதே ஊரில் விற்கிறார்கள்! ராபர்ட் கிரேவ்ஸ் 1929இல் தெயா சிற்றூரில் குடியேறினார். உள்நாட்டுப் போரால் 1936இல் வெளியேறியவர் 1946இல் திரும்பிவந்து, 1985இல் அங்கேயே மறைந்து, அவ்வூர்க் கல்லறையில் கிடக்கிறார். அவரை நாம் சாண்டோடு சேர்க்க மாட்டோம்; அவர் ஊரில் இருந்தார். ஆனால் அவரைப் படித்துவிட்டு வந்தவர்கள் இருக்கவில்லை, வாங்கினார்கள். 1989இல் பீட்டர் மேல் பிரான்சின் புரோவான்ஸ் பற்றி எழுதிய நூலுக்குப் பின், பழைய வீட்டை வாங்கி, கொத்தனாரைக் கிண்டல் செய்து, ஆலிவ் எண்ணெயில் ஞானமடைந்து நூல் எழுதுவது ஒரு தொழிலாகவே ஆயிற்று. இவற்றுக்கு மாற்றாக நாம் பரிந்துரைப்பது நார்மன் லூயிஸ் 1984இல் வெளியிட்ட 'வாய்சஸ் ஆஃப் தி ஓல்ட் சீ' என்னும் நூலை. போருக்குப் பின் ஸ்பெயினின் வடகிழக்குக் கரையில் மீனவச் சிற்றூர் ஒன்றில் பருவங்கள் சில வாழ்ந்து, பணம் படைத்த ஒருவர் அங்கே நுழைந்து விருந்தினரை வரவழைத்தபின் ஊர் எப்படி உருமாறியது என்பதைப் பதற்றமின்றிச் சொல்கிறார். நம் மாணவருக்கு ஒரு படி வாங்கச் சொல்லியிருக்கிறோம்.

எனினும் அயலார் தாமாக வந்து புகுந்தனர் என்று சொல்வது வரலாற்றுப் பொய். அழைத்தது அரசு. பிராங்கோவின் ஆட்சிக்கு 1959க்குப் பின் அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. கடற்கரை விற்பனைக்கு வந்தது. சூரை மீன் பிடிப்பதில் பெயர்பெற்ற பெனிதோர்ம், 1956இல் தீட்டிய ஊரமைப்புத் திட்டத்தின்வழி வானளாவிகளின் காடாயிற்று. அதே காலத்தில் பிராங்கோவின் வீட்டுவசதி அமைச்சர் ஆர்ரேசே, நாட்டுக்குத் தேவை பாட்டாளிகள் அல்லர், வீட்டு உரிமையாளர்கள் என்ற பொருள்படப் பேசினார். அரசு உதவியோடு கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை விற்கப்பட்டுக் காலப்போக்கில் சந்தைக்குள் கரைந்தன. அதன் விளைவு, இன்று ஸ்பெயினின் வீடுகளில் சமூக வாடகை வீடு சுமார் 2.5 விழுக்காடு; பிரான்சில் 14ஐ ஒட்டி. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு ஒவ்வொரு ஸ்பானியருக்கும் தகுந்த வீட்டுக்கு உரிமை உண்டு என்றும், நிலத்தை வைத்துச் சூதாடுவதை அரசு தடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அழகான பிரிவு. அதன்பின் நிகழ்ந்ததோ, மார்பேயா நகராட்சியின் கட்டட ஊழலைப் பொறுக்க முடியாமல் 2006இல் அந்த மன்றத்தையே மத்திய அரசு கலைக்க வேண்டிவந்தது. 2008இல் குமிழி உடைந்து, கடன் கட்ட முடியாத குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. கட்டி முடியாத எலும்புக்கூடுகள் கரையெங்கும் நின்றன. வீடுகள் மிகுந்திருந்த அதே ஆண்டுகளில்தான் மக்கள் வீடிழந்தார்கள்.

அந்த அரசியலாரின் வழித்தோன்றல்கள் இப்போது அயலாரைக் காட்டுகிறார்கள். 2024 ஏப்ரலில் கேனரித் தீவுகளிலும், கோடையில் மயோர்க்காவிலும் மாலகாவிலும் பார்சலோனாவிலும் மக்கள் தெருவில் இறங்கினர். பார்சலோனாவில் உணவகத்தில் அமர்ந்திருந்த பயணிகள்மீது நீர்த்துப்பாக்கி பீய்ச்சிய படம் உலகெங்கும் போயிற்று. 2025 ஜனவரி 13 அன்று பிரதமர் பெத்ரோ சான்சேஸ் ஓர் அறிவிப்பு செய்தார்: ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத, ஸ்பெயினில் வசிக்காத ஒருவர் வீடு வாங்கினால் விலையில் 100 விழுக்காடு வரை வரி. 2023இல் மட்டும் அத்தகையோர் 27,000 வீடு வாங்கினர் என்றார். கைதட்டல் எழுந்தது.

நாம் கைதட்ட மாட்டோம். மயோர்க்காவில் வீடு வாங்கும் அயலாரில் முன்னிற்பவர் ஜெர்மானியர், ஒன்றியத்துக் குடிகள். பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் அவர் மாளிகையை இந்த வரி தொடாது. மாட்ரிட் செல்வரின் மூன்றாவது கடற்கரை வீட்டையும் தொடாது. பூட்டு ஒன்றே, சாவி வைத்திருப்பவரின் கடவுச்சீட்டைப் பார்த்துக் குற்றம் வேறுபடுமா? 'அயல்நாட்டவர் வாங்கியவை' என்று செய்தித்தாள்கள் அச்சிடும் எண்ணிக்கை இன்னும் மோசமானது. அது குடியுரிமையைப் பார்த்து எண்ணுவது. அலிகாந்தேயில் ஆண்டுக்குப் பதினைந்து நாள் வருபவரும் அதில் உண்டு; முர்சியாவின் வயலில் தக்காளி பறித்து, பத்தாண்டு சேமித்து, தான் வாழும் ஊரிலேயே நான்காவது மாடியில் வீடு வாங்கிய மொரோக்கோக்காரரும் அதில் உண்டு. இருவரையும் ஒரே சொல்லில் கட்டி மக்கள் கோபத்தின் முன் நிறுத்துவது அயோக்கியத்தனம். வேறு சொல் தெரியவில்லை.

கேட்கவேண்டிய கேள்வி 'நீ எந்நாட்டவன்' என்பதன்று. 'நீ இங்கே வசிக்கிறாயா' என்பதே. இதைச் சட்டமாக்கிய நாடுகள் உண்டு. டென்மார்க்கில் 1959 முதலே, அங்கு வசிக்காதவரும் முன்பு மொத்தம் ஐந்தாண்டு வசித்திராதவரும் வீடு வாங்க அரசின் அனுமதி வேண்டும். ஜட்லாந்துக் கடற்கரை முழுதும் ஜெர்மானியர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் பிறந்த சட்டம். ஆனால் எழுதப்பட்டது வசிப்பிடத்தை வைத்து. 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் அதற்கென ஒரே வாக்கியத்தில் ஒரு தனி நெறிமுறை எழுதி வாங்கினார்கள். மூலதனத்தின் தங்குதடையற்ற போக்கு என்ற ஐரோப்பியத் தாரகமந்திரம் அங்கே வாய்மூடி நிற்கிறது. சுவிட்சர்லாந்தில் அயலார்க்கு விடுமுறை வீடு ஆண்டுக்கு 1,500 என்று ஒதுக்கீடு. அதோடு நிற்கவில்லை. 2012 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, மயிரிழைப் பெரும்பான்மையில், எந்த உள்ளாட்சியிலும் இரண்டாம் வீடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று தமக்கும் சேர்த்தே விதித்துக்கொண்டார்கள். அவர்கள் இத்தகைய வீடுகளைக் 'குளிர்ந்த படுக்கைகள்' என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் எப்படி ஒலிக்கிறதோ, தமிழில் கொஞ்சம் அச்சமூட்டுகிறது. ஸ்பெயினிலும் பயனுள்ள சில நடக்காமலில்லை. பார்சலோனா நகராட்சி 2028 நவம்பருக்குள் பயணிகளுக்கு விடும் 10,101 வீடுகளின் உரிமங்களும் முடிந்துவிடும் என்று 2024இல் அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல், கட்டடத்து உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் ஒப்பினால்தான் புதிதாக ஒரு வீட்டைப் பயணிகளுக்கு விட முடியும். இவை கடவுச்சீட்டைக் கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் நம் மாணவர் தம் கடைசி அம்பை எய்தார். அதை முழுமையாகத் தருவதே நேர்மை. "ஐயா, அறுபது வருடமாக வெள்ளைக்காரர்கள் இந்தக் கரை முழுவதையும் வாங்கினார்கள். யாரும் தர்மம் பேசவில்லை. கறுத்த நாங்கள் ஒரு சின்ன வீடு வாங்கும்போதுதான் எல்லோருக்கும் திணை நினைவு வருகிறது. என் அப்பா வாடகை வீட்டிலேயே இறந்தார் என்று உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அந்த வீட்டுக்கு நாம் போயிருக்கிறோம். இதற்கு வாதத்தால் விடையில்லை. இருந்தாலும் இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, அந்த வாடகை வீட்டின் வேதனையை அறிந்தவர்தாம் பூட்டிய வீட்டின் அநீதியையும் முதலில் அறியக் கடமைப்பட்டவர். இரண்டு, நம் நாடு இவ்வகையில் எவருக்கும் பாடம் கேட்க வேண்டியதில்லை: இந்திய வம்சாவளியல்லாத, இந்தியாவில் வசிக்காத ஸ்பானியர் ஒருவர் மாமல்லபுரத்தில் கடல் பார்த்து ஒரு வீடு வாங்க நம் அந்நியச் செலாவணிச் சட்டம் இடந்தராது. நாமோ ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை லட்சம் டாலர் வெளியே அனுப்பி அவர் ஊரில் வாங்கலாம். கணவன், மனைவி, பிள்ளை எனச் சேர்த்து அனுப்பும் உபாயத்தையும் தரகர்கள் கண்காட்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். அவன் வீட்டில் விருந்துண்டு, நம் வீட்டில் அடுப்பை அவித்துவைக்கும் இந்த மரியாதை பற்றி யாரும் எழுதிக் காணோம்.

அவரை விற்றுவிடச் சொல்லவில்லை. விற்றால் இன்னொரு பதினைந்து நாள்காரர் வாங்குவார். நீண்டகால வாடகைக்கு அவ்வூர்க் குடும்பம் ஒன்றுக்கு விடுங்கள் என்று எழுதினோம். அங்கத்திய வாடகைச் சட்டப்படி தனிமனிதர் உரிமையாளரானால் குடியிருப்பவர் ஐந்தாண்டு வரை இருக்க உரிமை உண்டு. ஆகவே பால்கனியை ஐந்தாண்டு மறந்துவிட வேண்டும். போகும்போது விடுதியில் தங்கிக்கொள்ளலாம். "குடியேறியவர் காலி செய்யாவிட்டால்?" என்று கேட்டார். இந்த அச்சத்தை அங்கே தொலைக்காட்சிகள் நாள்தோறும் ஊட்டுகின்றன என்று அறிவோம். முன்மாத வைப்புத்தொகை, வருமானச் சான்று, வாடகைக் காப்பீடு என்று வழிகள் இருக்கின்றன. லண்டனில் வீட்டுக் கடனை ஆராய்ந்து எடுத்தவருக்கு இதை ஆராய முடியாதா?

பத்து நாள் கழித்து வந்த பதிலில் இரண்டு வரிகள் இருந்தன. யோசித்துப் பார்க்கிறேன் என்பது முதல் வரி. கோத்தகிரியில் நீங்களும் நண்பர் இருவரும் சேர்ந்து வாங்கிய வீட்டில் யார் இருக்கிறார்கள் ஐயா என்பது இரண்டாவது.

அது 2014இல் வாங்கியது. மூன்று பேர் பங்கு. ஆண்டுக்கு எல்லோருமாகச் சேர்ந்து முப்பது நாள் போனால் அதிகம். தண்ணீர் லாரி வரும் தெருவில்தான் இருக்கிறது. அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் குன்னூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோவதாகவும், வாடகைக்கு வீடு தேடுவதாகவும் காவலாளி சென்ற ஆண்டே சொல்லியிருந்தார். அப்போது கேட்டுக்கொண்டதோடு சரி. பங்காளிகள் இருவரில் ஒருவர் இசைந்துவிட்டார். மற்றவர் கோடை முடியட்டும் என்கிறார்.